பாதிக் காலம் போய்விட்டது, செலவு பட்ஜெட்டுக்குள்தான் இருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா?

#1 கிடங்கு_பொறுப்பாளர்

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிக்கிறவன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

பொருள் கிடங்கு ஒன்று கட்டும் வேலைக்கு நான் பொறுப்பு. கூடவே ஒரு மின் அறையும் சின்ன அலுவலக மாடியும் உண்டு. மொத்தக் காலம் 12 மாதம், பட்ஜெட் 240 லட்சம். போன வாரத்தோடு 6 மாதம் முடிந்தது. திட்டப்படி இதுவரை 110 லட்சம் செலவாகியிருக்க வேண்டும். கணக்குப் பிரிவு தந்த தாளில் 98 லட்சம்தான் இருக்கிறது. 12 லட்சம் மிச்சம் என்று மாதாந்தரக் கூட்டத்தில் சொன்னேன். மேலே இருப்பவர்களுக்கு ரொம்ப சந்தோஷம்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. சைட்டைச் சுற்றிவந்தால் பாதி வேலை முடிந்த மாதிரியே தெரியவில்லை. தாளில் எல்லாம் பச்சையாக இருக்கிறது. நான் எதைக் கவனிக்காமல் விட்டேன்?

#2 செங்கல்_சிமென்ட்

தம்பி, முதலில் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வை. வேலை முடிந்ததா இல்லையா என்பது சைட்டில் தெரியும், எக்செல்லில் தெரியாது. உன் கண் சொல்வதுதான் சரி.

#3 வரவுசெலவு

கண் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் கண்ணைக் கூட்டத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட முடியாதே. எண் வேண்டும்.

கிடங்கு சார், திட்டமிட்ட செலவையும் ஆன செலவையும் மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். மூன்றாவதாக ஒரு எண் வேண்டும்: இதுவரை முடிந்த வேலைக்குப் பட்ஜெட்டில் என்ன மதிப்புப் போட்டிருந்தோம்? ஈட்டிய மதிப்பு என்பார்கள். 110 லட்சத்துக்கு வேலை முடித்து 98 செலவழித்திருந்தால் நீங்கள் கெட்டிக்காரர். 80 லட்சத்துக்கான வேலைதான் முடிந்திருக்கிறது, அதற்கு 98 போயிருக்கிறது என்றால் கதையே வேறு. இரண்டு கதைக்கும் உங்கள் தாள் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அதற்கு முன்னால் ஒரு சந்தேகம். அந்த 98 எதையெல்லாம் சேர்த்த 98? கொடுத்த காசா, வந்த பில்லா, நடந்த வேலையா?

#4 கிடங்கு_பொறுப்பாளர்

மேடம், நீங்கள் கேட்ட பிறகுதான் கணக்குப் பிரிவில் போய் உட்கார்ந்தேன். 98-இல் மின் பேனலுக்குக் கொடுத்த அட்வான்ஸ் 6 லட்சம் சேர்ந்திருக்கிறது. பேனல் இன்னும் செய்யவே ஆரம்பிக்கவில்லை. மறுபக்கம், சிவில் கான்ட்ராக்டர் செய்து முடித்த வேலையில் ஏறக்குறைய 15 லட்சத்துக்கு இன்னும் பில்லே போடவில்லை. அது 98-இல் இல்லை.

#5 வரவுசெலவு

அப்படியானால் 98-இலிருந்து 6-ஐக் கழியுங்கள், 15-ஐக் கூட்டுங்கள். உங்கள் உண்மையான செலவு 107 லட்சம். 12 லட்சம் மிச்சம் 3 லட்சம் ஆகிவிட்டது, அதுவும் வேலை திட்டப்படி நடந்திருந்தால்தான்.

இது யாருடைய தப்பும் இல்லை. கணக்குப் பிரிவு பில் வந்த தேதியைப் பார்க்கும், நமக்கு வேலை நடந்த தேதி வேண்டும். மாதக் கடைசியில் அரை மணி நேரம் உட்கார்ந்து, 'வேலை நடந்திருக்கிறது, பில் வரவில்லை' என்று ஒரு பட்டியல் கையாலேயே எழுதினால் போதும். இன்னொரு பட்டியலும் வேண்டும்: ஆர்டர் கொடுத்தாயிற்று, பொருள் வரவில்லை. அது செலவு இல்லை, ஆனால் அந்தப் பணம் இனி உங்களுடையதும் இல்லை. பட்ஜெட்டில் 'மீதி' என்று காட்டும் தொகையில் பாதி இப்படி ஏற்கெனவே வாக்குக் கொடுத்த பணமாக இருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது முடிந்த வேலையின் மதிப்பைச் சொல்லுங்கள்.

#6 கிடங்கு_பொறுப்பாளர்

ஒவ்வொரு கான்ட்ராக்டரையும் கூப்பிட்டு எத்தனை சதவீதம் முடிந்தது என்று கேட்டேன். அவரவர் சதவீதத்தை அவரவர் பட்ஜெட்டோடு பெருக்கிக் கூட்டினால் 102 லட்சம் வருகிறது. 107 செலவழித்து 102-க்கான வேலை. மோசமில்லை என்று தோன்றுகிறது. குறியீடு, அதாவது 102-ஐ 107-ஆல் வகுத்தது, 0.95.

#7 நிரலாளன்77

கேட்டீர்களா! கேட்டு வாங்கின சதவீதமா?

நான் மென்பொருள் ஆள். எங்கள் பக்கத்தில் இது பழைய நோய். எந்த டெவலப்பரைக் கேட்டாலும் 90% முடிந்தது என்பார். அடுத்த வாரம் கேட்டால் 92. அதற்கடுத்த வாரமும் 92. பெல் ஆய்வகத்தின் டாம் கார்கில் இதை வைத்தே ஒரு கேலி சொல்லியிருக்கிறார்: முதல் 90% நிரலுக்கு 90% நேரம் போகும், மிச்சம் 10% நிரலுக்கு இன்னொரு 90% நேரம் போகும். கூட்டிப் பாருங்கள், 180 வரும். அதுதான் நிஜம்.

அதனால் நாங்கள் சதவீதம் கேட்பதையே விட்டுவிட்டோம். முடிந்ததா, ஒன்று. முடியவில்லையா, பூஜ்யம். நடுவில் எதுவும் கிடையாது.

#8 கால_அட்டவணை

பூஜ்யம்-அல்லது-நூறு நல்ல முறைதான், ஆனால் வேலைத் துண்டு சின்னதாக இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் முடிகிற துண்டு என்றால் சரி. மூன்று மாத வேலைக்கு அதைப் போட்டால் மூன்று மாதமும் பூஜ்யம் காட்டிவிட்டு ஒரே நாளில் ஏணி வைத்த மாதிரி ஏறும். கட்டுமானத்தில் அளந்து பார்ப்பதே மேல்.

கிடங்கு சார், ஒரே ஒரு ஐட்டத்தை எடுத்துக்கொள்வோம். எதன் மேல் உங்களுக்குச் சந்தேகம் அதிகம்?

#9 கிடங்கு_பொறுப்பாளர்

மின்வேலை. பட்ஜெட் 36 லட்சம். 80% முடிந்தது என்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை.

#10 கால_அட்டவணை

அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். 80% எதில் என்று கேட்டீர்களா? பெரும்பாலும் கேபிள் மீட்டரைச் சொல்லியிருப்பார். மொத்தம் இத்தனை மீட்டர், அதில் 80% இழுத்தாயிற்று. பள்ளம் தோண்டியிருக்கிறது, கேபிள் படுத்திருக்கிறது, பார்த்தால் வேலை முடிந்த மாதிரியே இருக்கும்.

இரண்டு முனையையும் பாருங்கள். சுருட்டிக் கட்டி, நுனியில் டேப் சுற்றி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு முனையையும் உரித்து, கிளாண்ட் (கேபிளை இறுக்கிப் பிடிக்கும் மூடி) மாட்டி, லக் (நுனியில் பொருத்தும் உலோகத் துண்டு) அடித்து, நம்பர் போட்டு பேனலில் இணைக்க வேண்டும். அப்புறம் இன்சுலேஷன் சோதனை, பிறகு மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது. நான் வழக்கமாகக் கேபிள் இழுப்பதற்கு 50, முனை இணைப்பதற்கு 30, சோதனைக்கு 20 என்று எடை போடுவேன். வேலையைப் பொறுத்து மாறும், ஆனால் இந்தப் பங்கீட்டை வேலை ஆரம்பிக்கும் முன்பே கான்ட்ராக்டரோடு பேசி எழுதிவிட வேண்டும். நடுவில் பேசினால் சண்டைதான்.

#11 கிடங்கு_பொறுப்பாளர்

போய்ப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே டேப் சுற்றிய நுனிகள். ஒரு முனைகூட இணைக்கவில்லை, இணைக்க பேனலே வரவில்லையே. மீட்டர் கணக்கு உண்மைதான், 80% இருக்கிறது. ஆனால் 50-இல் 80% என்றால் 40%தானே. 28.8 லட்சம் என்று எழுதியிருந்தேன், 14.4 லட்சம் ஆகிவிட்டது.

கூரையையும் அளந்தேன். பட்ஜெட் 24 லட்சம். 65% என்றார்கள். ஷீட் மாட்டியது அவ்வளவு இருக்கும், ஆனால் ஓர மடிப்பும் நீர்க்கசிவுச் சோதனையும் பாக்கி. அளந்தால் 50%. அங்கே ஒரு 3.6 லட்சம் போயிற்று. மற்றதெல்லாம் ஏறக்குறைய சரியாகவே இருக்கிறது.

102-இல் 18 போய் 84. 84-க்கான வேலைக்கு 107 செலவு. 0.785. மேடம், 240-ஐ இதால் வகுத்தால் 306 வருகிறது. 66 லட்சம் கூடுதலா? உட்கார்ந்த இடத்திலேயே வியர்த்துவிட்டது.

#12 புதுவரவு

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 240-ஐ ஏன் 0.785-ஆல் வகுக்க வேண்டும்? எனக்குப் புரியவில்லை.

#13 வரவுசெலவு

நல்ல கேள்வி. இதுவரை ஒரு லட்சம் செலவழித்தால் 78,500-க்கான வேலைதான் கிடைத்திருக்கிறது. இனியும் அதே விகிதத்தில்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் முழு வேலைக்கும் எவ்வளவு ஆகும்? அதுதான் அந்த வகுத்தல். இதில் 'அதே விகிதத்தில்' என்பது அனுமானம். சூத்திரம் அந்த அனுமானத்தை வெளியே காட்டிக்கொள்ளாது.

கிடங்கு சார், வியர்வையைத் துடையுங்கள். 306-ஐ அப்படியே நம்ப வேண்டாம். மின்வேலை என்ன மாதிரி ஒப்பந்தம்? அளவுக்கேற்ற ரேட்டா, மொத்தத் தொகையா?

#14 கிடங்கு_பொறுப்பாளர்

மொத்தத் தொகை. 36 லட்சம், கூடுதல் வேலை இருந்தால் தனி. பேனலுக்கு இது இல்லாமல் தனி ஆர்டர். மின்வேலைக்கு இதுவரை 28 லட்சத்துக்குப் பில் பாஸ் ஆகியிருக்கிறது. கேபிள் மீட்டருக்கு ஏற்பப் பணம் என்றுதான் ஒப்பந்தத்தில் இருக்கிறது.

#15 செங்கல்_சிமென்ட்

அதைச் சொல். 14 லட்சம் வேலைக்கு 28 லட்சம் கொடுத்திருக்கிறாய். முன்னால் வருகிற ஐட்டத்துக்கு ரேட்டை ஏற்றிப் போட்டு, பின்னால் வருவதற்குக் குறைத்துப் போட்டிருக்கிறான். பழைய வித்தை. இப்போது அவன் கையில் உன் பணம் 14 லட்சம் இருக்கிறது. முனை இணைக்கிற நாளில் நாலு பேர் வர வேண்டிய இடத்தில் ஒருவன் வருவான், பார்த்துக்கொண்டே இரு.

#16 ஒப்பந்ததாரர்_தரப்பு

செங்கல் அண்ணா, ரொம்பத்தான் பேசுகிறீர்கள். நானும் ஒரு சின்ன மின் கான்ட்ராக்டர்தான். கேபிளை வாங்கும்போது கடைக்காரர் கையில் காசு கேட்கிறார். எங்களுக்குப் பில் பாஸ் ஆகிப் பணம் வர இரண்டு மாதம். வட்டிக்கு வாங்கித்தான் கேபிள் இழுக்கிறோம். முன்னால் ரேட் ஏற்றாமல் என்ன செய்வது? பொருளுக்குத் தனியாக, வந்து இறங்கியதும் பணம் தாருங்கள். வேலைக்கு முடித்தபின் தாருங்கள். நாங்கள் ஏன் ஏற்றப் போகிறோம்?

#17 செங்கல்_சிமென்ட்

சரி, அது நியாயம்தான். இல்லையென்று சொல்லவில்லை. நாலு பேர் மட்டும் வந்துவிட வேண்டும்.

#18 வரவுசெலவு

இரண்டு பேர் சொன்னதிலும் கணக்குக்கு உபயோகமான விஷயம் இருக்கிறது. மின்வேலையில் ஈட்டியது 14.4, கொடுத்தது 28. குறியீடு பாதாளத்தில் இருக்கிறது. ஆனால் தொகை நிலையானது. இனி 8 லட்சம்தான் கொடுக்க வேண்டும், கான்ட்ராக்டர் ஓடிப்போகாத வரை. ஆக மின்வேலையின் கெட்ட குறியீட்டை மற்ற வேலைகளின் தலையிலும் ஏற்றி 306 என்பது மிகை.

சிரமமானாலும் சரியான வழி இது: ஒவ்வொரு ஐட்டத்தையும் எடுத்து, இன்று தொடங்கி முடிக்க இன்னும் எவ்வளவு ஆகும் என்று புதிதாக மதிப்பிடுங்கள். பட்ஜெட்டில் மீதி எவ்வளவு என்று பார்க்காதீர்கள், பார்த்தால் கை அந்த எண்ணையே எழுதும். மொத்தத் தொகை ஒப்பந்தமா, இன்னும் கொடுக்க வேண்டியதை எழுதுங்கள். அளவு ரேட்டா, மீதி அளவைச் சைட்டில் அளந்து இன்றைய ரேட்டில் பெருக்குங்கள். சூத்திரம் சொன்ன 306-ஐப் பக்கத்திலேயே வைத்திருங்கள். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் அந்த இடைவெளிக்கு ஒரு காரணம் உங்களால் வாய்விட்டுச் சொல்ல முடிய வேண்டும்.

இன்னொரு சின்னச் சோதனையும் உண்டு. மீதி வேலை 240-இல் 84 போக 156. மீதிப் பணம் 240-இல் 107 போக 133. இனி ஒவ்வொரு லட்சத்துக்கும் 1.17 லட்சம் வேலை எடுத்தால்தான் 240-க்குள் முடியும். இதுவரை 0.785 எடுத்த ஆட்கள் நாளை முதல் 1.17 எடுப்பார்களா? 'எப்படியாவது பட்ஜெட்டுக்குள் முடித்துவிடுவோம்' என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்ணையும் காட்டுங்கள்.

#19 கால_அட்டவணை

பணத்தையே பேசிக்கொண்டிருக்கிறோம், தேதியை யாரும் கேட்கவில்லை.

84-ஐ 110-ஆல் வகுத்தால் 0.76, அதனால் கால அட்டவணையில் 24% பின்தங்கியிருக்கிறோம் என்று நிறைய பேர் எழுதுவார்கள். அந்த எண்ணை வைத்துத் தேதி சொல்லக் கூடாது. அது பணத்தில் அளந்த காலம். அதில் ஒரு வேடிக்கை உண்டு: வேலை இரண்டு வருடம் தாமதமாக முடிந்தாலும் முடியும் நாளில் 240-க்கு 240, குறியீடு 1 ஆகிவிடும். தாமதமே நடக்காத மாதிரி. 2003-இல் வால்ட் லிப்கே என்பவர் இதற்கு எளிய மாற்று ஒன்று சொன்னார். இன்று ஈட்டியிருக்கும் 84, திட்டப்படி எந்தத் தேதியில் வந்திருக்க வேண்டும் என்று எஸ் வளைவில், அதாவது திட்டச் செலவு மாதாமாதம் சேர்ந்து ஏறுவதை வரைந்த கோட்டில், பாருங்கள். கிடங்கு சார், உங்கள் திட்டத்தில் 84 எப்போது?

#20 கிடங்கு_பொறுப்பாளர்

ஐந்தாவது மாதக் கடைசியில்.

#21 கால_அட்டவணை

அப்படியானால் ஆறு மாதத்தில் ஐந்து மாத வேலை. இதே வேகத்தில் போனால் 12 மாத வேலைக்கு 14.4 மாதம். இதுவும் தோராயம்தான், ஆனால் புரிகிற தோராயம்.

நிஜமான தேதி வேண்டுமானால் ஒன்றுக்கொன்று காத்திருக்கும் வேலைகளின் எந்தச் சங்கிலி முடிவுத் தேதியைப் பிடித்து இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். அதுதான் கிரிட்டிக்கல் பாத். 1950-களின் கடைசியில் டூபாண்ட் நிறுவனத்தில் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் கெல்லியும் சேர்ந்து உருவாக்கியது. அதே சமயத்தில்தான் அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைக்காக பெர்ட் என்ற இதே மாதிரியான திட்டமிடல் முறையைக் கொண்டுவந்தது. இத்தனை வருடம் ஆகியும், ஷெட்யூல் என்றால் கலர் பார் வரைந்து சுவரில் ஒட்டுவது என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறார்கள். எந்த பார் எதற்காகக் காத்திருக்கிறது என்ற கோடு இல்லாத சார்ட் வெறும் சுவரொட்டி.

உங்கள் பேனல் எந்த நிலையில் இருக்கிறது? அட்வான்ஸ் கொடுத்தும் செய்ய ஆரம்பிக்கவில்லை என்று சொன்னதிலிருந்தே எனக்கு உறுத்திக்கொண்டிருக்கிறது.

#22 கிடங்கு_பொறுப்பாளர்

அட்வான்ஸ் நான்காவது மாதம் கொடுத்தோம். வரைபடம் ஒப்புதல் ஆன பிறகு 18 வாரம் என்றார்கள். வரைபடம் வந்து ஐந்து வாரம் ஆகிறது, ஆலோசகர் மேசையில் இருக்கிறது. இரண்டு தடவை போன் செய்தேன்.

#23 கால_அட்டவணை

திட்டத்தில் பேனல் சைட்டுக்கு வர வேண்டியது?

#24 கிடங்கு_பொறுப்பாளர்

ஒன்பதாவது மாத முடிவில்.

#25 கால_அட்டவணை

இன்றே கையெழுத்தானாலும் 18 வாரம் என்றால் நான்கு மாதத்துக்கு மேல். பத்தாவது மாதம் தாண்டித்தான் வரும். பேனல் இல்லாமல் முனை இணைப்பு இல்லை, அது இல்லாமல் சோதனை இல்லை, சோதனை இல்லாமல் ஒப்படைப்பு இல்லை. நடுவே ஃப்ளோட் (தாமதத்தைத் தாங்கும் உபரி நாட்கள்) எதுவும் ஒளித்து வைத்திருந்தால் ஒழிய, ஒரு மாதத்துக்கு மேல் தாமதம் ஏற்கெனவே உங்கள் மடியில் விழுந்துவிட்டது. அந்தத் தாள் மேசையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் முடிவுத் தேதியில் ஒரு நாள்.

கவனியுங்கள், அந்த ஒப்புதலுக்கு உங்கள் பட்ஜெட்டில் ஒரு பைசாகூட இல்லை. அதனால் மேலே போட்ட எந்தக் குறியீட்டிலும் அது தெரியாது. கூரையில் 15% குறைந்தது 3.6 லட்சமாகத் தெரிந்தது. முழு வேலையின் கழுத்தைப் பிடித்திருக்கும் ஒரு கையெழுத்து பூஜ்யமாக இருக்கிறது. பணக் கணக்கு மட்டும் வைத்துக் காலத்தைக் கட்டுப்படுத்த முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

#26 செங்கல்_சிமென்ட்

போன் செய்யாதே தம்பி. பேனாவோடு நேரில் போ. அவர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்.

#27 புதுவரவு

தாமதம் ஆகிறதென்றால் ஆட்களைக் கூட்டினால் போதாதா?

#28 நிரலாளன்77

எங்கள் துறையில் இதற்கு புரூக்ஸ் விதி என்றே பேர், 1975-இல் வந்தது. தாமதமான மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும். ஐபிஎம்மின் ஓஎஸ்/360 என்ற கணினி இயக்க மென்பொருள் வேலையை நடத்தி ஃபிரெட் புரூக்ஸ் பட்ட அனுபவத்தில் சொன்னது. புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பழைய ஆளின் நேரம் போகும், பேச வேண்டிய ஜோடிகள் பெருகும். 5 பேர் என்றால் 10 ஜோடி, 10 பேர் என்றால் 45.

#29 செங்கல்_சிமென்ட்

சுவர் கட்ட அந்த விதி செல்லாது. பத்துப் பேருக்கு இருபது பேர் போட்டால் சுவர் சீக்கிரம் ஏறும், இடிபடாமல் நிற்க இடம் இருக்கும் வரை. ஆனால் கிரிட்டிக்கல் இல்லாத வேலையில் ஆள் கூட்டினால் காசுதான் போகும். இவனுக்கு இப்போது ஆள் பஞ்சம் இல்லை, கையெழுத்துப் பஞ்சம்.

#30 ஒப்பந்ததாரர்_தரப்பு

கிடங்கு சார், ஒரு விஷயம். பேனல் வந்த பிறகுதான் எல்லாம் என்று காத்திருக்காதீர்கள். விளக்குப் பக்கம், சாக்கெட் பக்கம் முனை இணைப்பு பேனல் இல்லாமலே செய்யலாம். பேனல் பக்கத்து முனைகளுக்கு நம்பர் போட்டுத் தயாராக வைக்கலாம். இன்சுலேஷன் சோதனையை ஒரு தடவை இப்போதே முடித்துவிடலாம். பேனல் வந்த பின் ஆறு வாரம் என்று போட்டிருப்பீர்கள், அதில் இரண்டு வாரத்தையாவது இப்படி முன்னால் கொண்டுவரலாம். உங்கள் ஆளிடம் கேளுங்கள். ஏற்கெனவே காசு வாங்கியிருக்கிறார், மறுக்க மாட்டார்.

#31 வரவுசெலவு

இந்த இழையிலேயே உபயோகமான யோசனை இதுதான்.

கிடங்கு சார், எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கீடு வைத்திருந்தீர்களா? அதைப் பற்றி நீங்கள் வாயே திறக்கவில்லை.

#32 கிடங்கு_பொறுப்பாளர்

15 லட்சம் வைத்திருந்தோம், 240-க்கு வெளியே. இரண்டாவது மாதமே தீர்ந்துவிட்டது. தரையை இன்னும் கனமாகப் போட வேண்டும், பாரம் தூக்கும் வண்டி பெரிதாக வாங்கப் போகிறோம் என்று மேலிடத்தில் கேட்டார்கள். ஒதுக்கீட்டில் இருக்கிறதே என்று அதிலிருந்து எடுத்துச் செய்துவிட்டேன்.

#33 வரவுசெலவு

இங்கேதான் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த ஒதுக்கீடு எதற்கு? தோண்டும்போது பாறை வந்தால், மழையில் பத்து நாள் போனால், ரேட் ஏறினால். அதாவது ஒப்புக்கொண்ட அதே வேலையை முடிப்பதில் வரும் இடைஞ்சலுக்கு. பெரிய வண்டி வாங்குவது புது ஆசை. அதற்குப் பணமும் நாளும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு, பட்ஜெட்டை 255 ஆக்கியிருக்க வேண்டும். கேட்டவருக்குத் தான் கேட்டதன் விலையே தெரியாமல் போய்விட்டது. அந்த 15 லட்சம் உங்களுக்குக் கவசமாக இருந்திருக்கும்.

இப்போதும் அந்த ஒரு பக்கக் கடிதத்தை எழுதுங்கள். பழைய தேதி போடாதீர்கள். இன்றைய தேதியிலேயே, 'இரண்டாவது மாதத்தில் கேட்டு நடந்த மாற்றம், செலவு இவ்வளவு, ஒதுக்கீட்டிலிருந்து போயிற்று' என்று.

#34 நிரலாளன்77

பெரிய ஆட்களே தப்பவில்லை, நீங்கள் மனசை விடாதீர்கள். சிட்னி ஓபரா ஹவுஸ் 1959-இல் ஆரம்பித்தது. 1963-இல் முடியும், 70 லட்சம் டாலர் ஆகும் என்றார்கள். திறந்தது 1973, செலவு 10.2 கோடி டாலர்.

#35 கால_அட்டவணை

அங்கே தப்பு செலவழித்ததில் இல்லை, ஆரம்பித்த விதத்தில். அந்தச் சிப்பி வடிவக் கூரைகளை எப்படிக் கட்டுவது என்று வடிவமே முடிவாகாத நிலையில் அடித்தளத்தை ஆரம்பித்தார்கள். பிறகு கூரையின் எடை தெரியவந்தபோது, போட்டிருந்த தூண்கள் போதாமல் இடித்து மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. வரைபடம் முடியாமல் போட்ட மதிப்பீடு ஆசைதான். மதிப்பீடு என்று அதைச் சொல்லக் கூடாது.

எதிர் உதாரணமும் உண்டு. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1930 மார்ச்சில் ஆரம்பித்து 1931 மே 1-இல் திறந்தது. செலவும் மதிப்பிட்ட 5 கோடி டாலருக்குள்ளேயே, ஏறக்குறைய 4.1 கோடியில் முடிந்தது. பொருளாதார மந்தத்தில் விலை விழுந்ததும் அதற்கு ஒரு காரணம், எல்லாப் புகழும் திட்டமிட்டவர்களுக்குப் போகாது. ஆனால் மாடிக்கு மாடி அதே வேலை, எந்தப் பொருள் எந்த மணிக்கு எந்த மாடிக்குப் போக வேண்டும் என்ற கணக்கு, இதெல்லாம் இருந்தது.

#36 புதுவரவு

அனுபவசாலிகளே ஏன் நாளைக் குறைத்துச் சொல்கிறார்கள்?

#37 கால_அட்டவணை

கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இல் இதற்குத் திட்டமிடல் மாயை என்று பெயர் வைத்தார்கள். நம் வேலையை உள்ளே இருந்து, படிப்படியாக யோசிக்கிறோம். எல்லாப் படியும் நல்லபடியாக நடக்கிற காட்சிதான் மனசில் ஓடும். இதே மாதிரி போன ஐந்து வேலைகள் எத்தனை மாதம் ஆயின என்று வெளியே இருந்து பார்ப்பதில்லை.

அதோடு கூட்டல் கணக்கும் ஏமாற்றும். மூன்று வேலை ஒரே நாளில் முடிந்தால்தான் நாலாவது தொடங்கும் என்று வையுங்கள். ஒவ்வொன்றும் சொன்ன நாளில் முடிய 80% வாய்ப்பு. நல்ல வாய்ப்புத்தானே? ஆனால் மூன்றும் சேர்ந்து முடிய 0.8 × 0.8 × 0.8, கிட்டத்தட்ட 51%. காசு சுண்டிப் போடுகிற மாதிரி. ஒவ்வொருவரும் 'என் வேலை முடிந்துவிடும் சார்' என்று நேர்மையாகச் சொன்னாலும் நாலாவது வேலை பாதி நேரம் தாமதமாகும்.

#38 செங்கல்_சிமென்ட்

இது எனக்கே தெரியாத கணக்கு. முப்பது வருடமாக அந்த மூன்று பேரையும் திட்டிக்கொண்டிருந்தேன்.

#39 கிடங்கு_பொறுப்பாளர் (மூன்று வாரம் கழித்து)

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

ஆலோசகர் அலுவலகத்துக்கு நேரில் போனேன். எங்கள் வரைபடம் அவர் மேசையில் இல்லை. அவருடைய உதவியாளர் ஒரு கேள்வியை மார்ஜினில் பென்சிலில் எழுதிப் பேனல்காரருக்கு அனுப்பியிருக்கிறார், பேனல்காரர் அதைப் பார்க்கவே இல்லை. ஒரு பிரேக்கரின் அளவு பற்றிய கேள்வி. அங்கிருந்தே பேனல்காரருக்குப் போன் போட்டேன், பத்து நிமிடத்தில் பதில் வந்தது. மறுநாள் கையெழுத்து. ஐந்து வாரம் போனது இதற்காக.

மேடம் சொன்ன மாதிரி ஒவ்வொரு ஐட்டமாக உட்கார்ந்து மீதிச் செலவை எழுதினோம். நான்கு நாள் பிடித்தது. அன்றைய தேதிக்கு முடிக்க 171 லட்சம் வருகிறது. 107-ஓடு சேர்த்தால் 278. சூத்திரம் சொன்ன 306-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தில் பெரிய பங்கு மின்வேலைதான். மீதியையும் ஐட்டம் ஐட்டமாகச் சொல்ல முடிந்தது.

கூட்டத்தில் முதல் ஐந்து நிமிடம் கஷ்டமாகத்தான் இருந்தது. போன மாதம் 12 மிச்சம், இந்த மாதம் 38 பற்றாக்குறை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? எப்படியாவது 240-க்குள் முடியுங்கள் என்றார்கள். 0.785-ஐயும் 1.17-ஐயும் போர்டில் எழுதினேன். கொஞ்ச நேரம் அமைதி. தரை மாற்றத்தின் கடிதத்தையும் வைத்தேன். கேட்டவருக்கே அது 15 லட்சம் என்று அன்றுதான் தெரிந்தது.

அலுவலக மாடியின் உள் அலங்காரத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளியிருக்கிறோம். அதில் 17 லட்சம் குறைகிறது. மீதி 21-க்குக் கூடுதல் அனுமதி கிடைத்தது, முடிவுத் தேதி 13½ மாதம். அதோடு புது பேஸ்லைன், அதாவது இனி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய திட்டம். பழையதை அழிக்கவில்லை, சார்ட்டில் சாம்பல் நிறத்தில் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

#40 வரவுசெலவு

பழையதை அழிக்காமல் வைத்தது ரொம்ப நல்லது. எதிர்பாராச் செலவுக்குப் புது ஒதுக்கீடு கேட்டீர்களா?

#41 கிடங்கு_பொறுப்பாளர்

கேட்டேன். 10 கேட்டு 6 தந்தார்கள். இந்தத் தடவை அதிலிருந்து எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

#42 செங்கல்_சிமென்ட்

முனை இணைக்க எத்தனை பேர் வந்தார்கள்?

#43 கிடங்கு_பொறுப்பாளர்

இன்று காலை மூன்று பேர், அண்ணா. நாலாவது ஆள் நாளை வருகிறாராம்.